மஞ்சட்காமாலையும் டெல்டா கிருமியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் கல்லீரலைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். நம்மவரில் பலர் மதுரை மாநகரின் தெருக்களிலும் மருத்துவமனைக் கூடங்களிலும் துப்புரவுப் பணி செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். குப்பையில் கிடக்கும் ஊசியொன்று அவர்கள் கையில் தைத்தால் என்ன நேரும் என்று அறிவதும் கல்வியே.

மஞ்சட்காமாலை என்பது நோயின் பெயரன்று, அதன் அடையாளம். மாசுபட்ட நீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். இரத்தத்தின் வழியாகவும், உடலுறவாலும், பேற்றின்போது தாயிடமிருந்தும் வரும் ‘பி’ வகைக் கிருமி வேறு. இதன் தடயத்தை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்டு 1965இல் வெளியிட்ட புளூம்பெர்க், 1976இல் நோபல் பரிசு பெற்றார். பிறக்கும்போதே இது தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் நிலைத்துவிடும்; வளர்ந்தவரிடம் ஏறத்தாழ ஐந்து பேரிடமே நிலைக்கும்.

இந்தக் கிருமிக்கு ஒரு கூட்டாளி உண்டு. 1977இல் இத்தாலியின் தூரின் நகரில் ரிசெட்டோ என்பவர் கண்டறிந்த டெல்டா கிருமி அது. அதற்குச் சொந்தமாக மேலுறை இல்லை. ‘பி’ கிருமியின் உறையைப் போர்த்திக்கொண்டே பரவும். ஆகவே ‘பி’ இல்லாத உடலில் அது வாழாது. இரண்டும் ஒருசேரப் புகுந்தால், நோய் கடுமையாயினும், பெரும்பாலோர் மீண்டுவிடுவர். ஏற்கெனவே ‘பி’ நிலைத்தவரிடம் டெல்டா பின்னர் வந்து சேர்ந்தால் பெரும்பாலும் அதுவும் நிலைத்து, கல்லீரலை விரைவில் சுருங்கச் செய்யும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். உலகில் ‘பி’ நிலைத்தவருள் நூற்றுக்கு ஐவரளவில் இதற்கு ஆளானோர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

காமாலை என்றதும் மணிக்கட்டில் சூடு போடுவதும், கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பதும் நம் கிராமங்களின் வழக்கம். சூட்டினால் புண்ணே மிஞ்சும். கீழாநெல்லியை அவ்வாறு ஒரே சொல்லில் தள்ளிவிட நமக்கு மனமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர், புளூம்பெர்க்கும் உடனிருக்க, அதனை முறைப்படி ஆராய்ந்து 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். முப்பது நாள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ‘பி’ கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு! ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. மூலிகையை நம்பி இரத்தச் சோதனையை ஒத்திப்போடுவது தகாது.

தடுப்பூசி உண்டு. ‘பி’யைத் தடுத்தால் டெல்டாவும் தடுக்கப்படும். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பெறல் வேண்டும். பிரசவ அறையிலேயே அதைக் கேட்டுப் பெறுங்கள்.

பெரியோர்க்கு மூன்று தவணை. மருத்துவக் கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் இந்த ஊசியை நிர்வாகமே போட வேண்டும் என 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. ஒப்பந்தத் தொழிலாளருக்கு இல்லை என்று எவரேனும் சொன்னால், அவ்விதியில் அத்தகைய விலக்கு எதுவும் இல்லை என்று படித்த இளைஞர்கள் எடுத்துக்காட்டுங்கள். சலுகை கேட்பதாக எண்ணித் தயங்க வேண்டா.

இரத்ததானத்தின்போது ‘பி’ இருப்பதாக அறிய நேர்ந்த இளைஞர்களும் இங்கு இருக்கலாம். உடனுண்பதாலோ கைகுலுக்குவதாலோ இது பரவாது. தனித் தட்டும் தனிக் குவளையும் வைக்கும் கொடுமையை நம் வீடுகளிலேயே நாம் நடத்தலாமா? சவரக்கத்தியும் பல்துலக்கியும் தனியே இருந்தால் போதும். மனைவியோ கணவனோ ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

‘பி’ நிலைத்தவருக்குத் தடுப்பூசி பயன்படாது. அவர் மது அருந்தலாகாது. ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டும். ‘பி’ கிருமியை அடக்கும் மாத்திரைகள் டெல்டாவை அடக்குவதில்லை. எனவே, டெல்டாவுக்கான இரத்தச் சோதனை எடுக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் ஒருமுறையேனும் வாய்விட்டுக் கேளுங்கள். தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018இல் தொடங்கப்பெற்றது. ‘பி’ கிருமிக்கான சோதனையும் மாத்திரைகளும் அதன்கீழ் இலவசம்.