சங்கும் சோடாபுட்டியும்

இன்னிக்கு, வில்லியம் கோல்டிங் 1954-ல எழுதின 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவல். விமானம் விழுந்து, பெரியவங்க யாருமில்லாத தீவுல பசங்க மாட்டிக்கிற கதை.

எங்க தண்டையார்பேட்டையில சங்குன்னா ஃபேக்டரி சங்கு. ஊதினா ஷிஃப்ட்டுக்கு ஓடணும். கதையில ரால்ஃப் கடல்சங்கை ஊதினா கூட்டம் கூடும். சங்கு யார் கையிலயோ அவங்கதான் பேசணும். அதுதான் அங்க சட்டம். தீ மூட்டுறது பிக்கியோட கண்ணாடி. ஜாக் கும்பல் ராத்திரி புகுந்தப்போ, சங்கைத் திருடத்தான் வந்தாங்கன்னு பிக்கி நினைச்சான். அவங்க எடுத்துட்டுப் போனது கண்ணாடியை. சட்டத்தை மதிக்காதவனுக்குச் சங்கு எதுக்கு?

ஆனா 1965-ல நிஜமாவே டோங்கா நாட்டுப் பசங்க ஆறு பேர் அட்டா தீவுல 15 மாசம் மாட்டினாங்க. மூட்டின தீயை ஒரு வருஷத்துக்கும் மேல அணையவிடல. ஒருத்தன் கால் உடைஞ்சப்போ மத்தவங்க கட்டுப்போட்டுப் பார்த்துக்கிட்டாங்க. ஆறு பேரும் உயிரோட திரும்பினாங்க.

என்ன வித்தியாசம்? அவங்க ஏற்கெனவே நண்பர்கள். நாவல்ல பிக்கியோட நிஜப் பேர் கடைசிவரைக்கும் வரவே இல்ல. என் கிளாஸ்லயும் ஒரு 'சோடாபுட்டி' இருந்தான். அவன் பேர் எனக்கு ஞாபகமே வரல. தெரிஞ்சவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா சொல்லுங்க.