தக்ளியும் அதை நம்பி வாழ்ந்தவர்களும்



ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கம்பி. அதன் அடிப்பாகத்தில் செருகிய சிறு வட்டு. நுனியில் இழை நழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி. தக்ளி என்பது இவ்வளவுதான். கழற்றிப் பிரிக்கவோ பழுதுபார்க்கவோ இதில் எதுவும் கிடையாது. ஆயினும் மனிதர் உடுத்த ஆடையும், கடலோடிகள் விரித்த பாயும், பிறந்த குழந்தைக்கு விரித்த துணியும் இறந்தவர்மேல் போர்த்திய கோடியும், ராட்டை தோன்றிப் பரவும்வரை பல்லாயிரம் ஆண்டுக் காலம் பெரும்பாலும் இத்தகைய சிறு கதிர்களில் நூற்ற நூலினாலேயே ஆயின என்பதை எண்ணும்போது, சரித்திரத்தில் இதற்கு ஈடான பெருமை படைத்த உபகரணங்கள் மிகச் சிலவே என்று துணிந்து சொல்லலாம்.

பருத்தி நார் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தால் பெரும்பாலும் ஓர் அங்குல நீளமே இருக்கும், ஊதினால் பறந்துபோகும். இத்தகைய நார்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு வேட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன என்றால், அதற்குக் காரணம் முறுக்கு ஒன்றே. இடக்கையில் பஞ்சுப் பட்டையை இலேசாகப் பற்றிக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தக்ளியைச் சுண்டிவிட, வட்டின் கனம் அந்தச் சுழற்சியை நிலைக்கச் செய்ய, இடக்கை மெல்ல மெல்ல மேலே உயர, நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பஞ்சிலிருந்து இறங்கி முறுக்கேறி இழையாகின்றன. கை எட்டும் உயரம் வந்ததும் நூலைக் கதிரில் சுற்றிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். வட்டு அதிகம் கனத்தால் மெல்லிய இழை அறுந்துபோகும்; கனம் போதாவிட்டால் முறுக்கேறுமுன் சுழற்சி நின்றுவிடும். இன்ன பஞ்சுக்கு இன்ன எடை என்று முதன்முதலில் கையால் உணர்ந்து கண்டவர்களின் புத்தி சூக்ஷ்மத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கம்பும் நூலும் பெரும்பாலும் மண்ணில் மக்கிப்போக, வட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. கலிலேயக் கடலுக்கு அருகில் சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பு ஒன்றில் கிடைத்த துளையிட்ட கூழாங்கற்கள் தக்ளி வட்டுகளாக இருக்கலாம் என்று 2024இல் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். நம் துணைக்கண்டத்தின் பருத்தி நூலோ, மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிக் கலத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துணித் துணுக்காக நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தன் பழைமைக்குச் சாட்சி சொல்கிறது. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலிலும், வைகைக் கரைக் கீழடியிலும் சுடுமண் வட்டுகள் அகப்பட்டிருக்கின்றன. கீழடியில் அவற்றோடு, தறியில் நூலைத் தொங்கவிடப் பயன்பட்ட கற்களும், எலும்பில் செதுக்கிய கூர்முனைக் கருவிகளும் சேர்ந்து கிடைத்தமையால், நூற்பும் நெசவும் அவ்வூரில் நடந்த தொழில்கள் என்று கொள்ள இடமுண்டு.

ஆனால் வட்டைச் சுழற்றிய கை யாருடையது? மண்ணுக்குள்ளிருந்து இதற்கு விடை வராது. பழைய நூல்களைத்தான் நாட வேண்டும்.

புறநானூற்றுப் பாடலொன்றில், நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம் பெட்டைக்கோழி ஒன்று அலறித் துடிக்க, பஞ்சின் தூசும் செற்றையும் புடைப்பதற்காக எழுந்த பருத்தி நூற்கும் பெண் ஒருத்தியின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்டு அது ஆறுதல் கொள்கிறது. ஊர் உறங்கும் வேளையிலும் அவள் உறங்கவில்லை. நற்றிணையில் வரும் நூற்பவர்களோ ஆண்துணை இல்லாத பெண்கள். அவர்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை மலைமேல் தவழும் மேகத்துக்குக் கவிஞர் ஒப்பிடுகிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ இதையே ராஜாங்க ஏற்பாடாகச் சொல்கிறது. நூலுக்கென்று ஓர் அத்தியட்சகனை நியமித்து, விதவைகள், அங்கவீனமான பெண்கள், துறவு பூண்ட ஸ்திரீகள், முதுமையடைந்த அரண்மனைப் பணிப்பெண்கள் முதலியோரைக் கொண்டு நூற்பிக்க வேண்டும் என்றும், நூலின் நேர்த்தியைப் பார்த்துக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்றும், வீட்டை விட்டு வெளியே வராத குலஸ்திரீகளுக்குத் தன் பணிப்பெண்கள் மூலம் கௌரவமாக வேலை அனுப்ப வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அதிகாலையில் நூலைக் கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணின் முகத்தை உற்றுப்பார்க்கும் அதிகாரிக்கு அபராதம் உண்டு; விளக்கொளி நூலைப் பரிசோதிக்க மட்டுமே! கூலியைத் தாமதித்தாலும் தண்டனை. நிலமோ முதலோ ஆதரவோ இல்லாத ஒருத்தி பிறர் வாசலில் நில்லாமல் ஜீவனம் செய்ய இடமளித்த தொழில் இது என்பதை அரசும் கவிஞரும் ஒருங்கே அறிந்திருந்தார்கள். தக்ளியின் பொருள் என்னவென்று என்னைக் கேட்டால், நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான்.

தக்ளியை அடுத்து வந்த ராட்டை, 1350ஆம் ஆண்டில் இசாமி என்பவர் பாரசீக மொழியில் இயற்றிய காவியத்தில் பேசப்படுகிறது. அந்தச் சக்கரம் வந்தபின் நூற்பு வேகம் பெற்றது. ஆனால் தக்ளி மறையவில்லை. மிக நுண்ணிய இழைக்கு ராட்டையின் இழுப்பு ஆகாது. டாக்கா மஸ்லினுக்குரிய நூலைப் பெண்கள் ஊசி போன்ற இரும்புக் கதிரில், களிமண் உருண்டையே வட்டாக, கதிரின் அடிமுனையைச் சிப்பித் துண்டின் குழிவில் ஊன்றிச் சுழற்றி நூற்றார்கள். அங்கே மருத்துவராகப் பணியாற்றிய ஜேம்ஸ் டெய்லர், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இவற்றையெல்லாம் கண்டு எழுதிவைத்தார். வாளை இன மீனின் தாடையிலுள்ள நெருங்கிய பற்களால் பஞ்சைச் சீவுவார்களாம். காற்றில் ஈரம் இருக்கும் விடியற்காலையிலும் பிற்பகலிலும்தான் நூற்பார்கள். வறண்ட நாட்களில், தண்ணீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தின்மேல் இழையை நீட்டி நூற்பார்கள். மாதம் முழுவதும் காலை வேளைகளில் உழைத்தால் தேறும் மிகச் சிறந்த நூல் அரைத் தோலா, அதாவது சுமார் ஆறு கிராம்! அரசர்களும் ஐரோப்பியச் சீமாட்டிகளும் அணிந்த துணியின் புகழ் உலகெங்கும் பரவிற்று. நூற்றவர்களின் பெயரில் ஒன்றுகூட நம்மிடம் வந்து சேரவில்லை.

அத்தகையவர்களில் ஒருத்தியின் குரல் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1828இல் ‘சமாசார் தர்ப்பண்’ என்ற வங்காளிப் பத்திரிகையில், சாந்திபுரத்துப் பெண் ஒருத்தி பெயரின்றி எழுதிய கடிதம் வெளியாயிற்று. இருபத்திரண்டாம் வயதில், மூன்று பெண் குழந்தைகளோடு அவள் விதவையானாள். நகைகளை விற்றுக் கணவனின் சிராத்தத்தை முடித்தாள். பட்டினியின் எல்லைக்கு வந்தபோது நூற்கத் தொடங்கினாள். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் நண்பகல்வரை ராட்டை. மாமனார் மாமியாருக்கும் குழந்தைகளுக்கும் சமைத்துப் பரிமாறித் தானும் உண்டபின், தக்ளியில் ஒரு தோலா அளவுக்கு நுண்ணிய நூல். ராட்டை நூலை நெசவாளர்கள் வீடு தேடிவந்து ரூபாய்க்கு மூன்று தோலா என்று வாங்கிச் சென்றார்கள். கேட்டால் முன்பணமும் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் மூன்று பெண்களுக்கும் ஊர் மெச்ச விவாகம் செய்தாள். மாமனார் இறந்தபோது 44 ரூபாய் செலவிட்டுச் சிராத்தம் செய்தாள்.

பிறகு நெசவாளர்கள் வரவில்லை. அவள் நூலைக் கடைத்தெருவுக்கு அனுப்பியும் கால் விலைக்குக்கூட வாங்குவாரில்லை. விசாரித்தபோது சீமை நூல் சேர் மூன்று நான்கு ரூபாய்க்கு வந்து குவிந்திருப்பதாகத் தெரிந்தது. சேருக்கு 80 தோலா என்று கணக்கிட்டால் அவளது நூலுக்குச் சுமார் 27 ரூபாய் ஆகியிருக்கும். அந்த நூலை வரவழைத்துப் பார்த்த அவள் நெற்றியில் அறைந்துகொண்டு எழுதியது சாபம் அன்று. இவ்வளவு பாடுபட்டு நூற்றதை இத்தனை மலிவாக விற்க நேர்ந்திருக்கிறதே, சீமையில் எல்லோரும் செல்வர் என்றல்லவா நினைத்தேன், அங்கே என்னைவிடத் துன்பப்படும் சகோதரிகள் இருக்கிறார்களே என்று அவர்களுக்காக இரங்கினாள். நூலைப் பார்த்தால் அதன் பின்னால் ஒரு பெண்ணின் விரல்கள் இருக்கும் என்பதே அவள் அறிந்த உலகம். 1760கள் முதல் இங்கிலாந்தில் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோர் அடுத்தடுத்துச் செய்த நூற்பு யந்திரங்களை அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை.

காந்தியடிகள் இந்தக் கடிதத்தைத் தம் ‘யங் இந்தியா’வில் எடுத்து வெளியிட்டார். அகில பாரத நூற்போர் சங்கத்தை அவர் 1925இல் நிறுவியதன் நோக்கம் இத்தகைய பெண்களுக்கு மறுபடியும் கூலி கிடைக்கச் செய்வதுதான். 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தின் வழியே தக்ளி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. நம் ஆதாரப் பள்ளிகளில் படித்தவர்கள் பலர், வரிசையாக உட்கார்ந்து நூற்று, சிட்டம் போட்டு ஆசிரியரிடம் கொடுத்த நாட்களை இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

நேயர்களில் யாரேனும் அப்படிப் படித்தவர்களாக இருந்து, வீட்டுப் பரணில் பழைய தக்ளி கிடக்குமானால், துரு நீக்கி எடுத்து, உங்கள் பேரக் குழந்தைகளுக்கு ஒரு விடுமுறை நாளில் கற்றுக்கொடுங்கள். கொட்டை நீக்கிய நல்ல பஞ்சாகப் பாருங்கள். முதலில் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். பஞ்சை அழுத்திப் பிடிக்காமல், விரல்களைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள்.