படிக்கத் தொடங்கியவர்க்குப் பெரிய நூல்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஐரோப்பிய இலக்கியத்தைப் பற்றி நான் பேச வேண்டும் என்று நம் செயலாளர் பணித்தபோது, ஆள் தெரியாமல் கேட்கிறார் என்றே எண்ணினேன். நான் புலவன் அல்லேன். பட்டம் பெற்றவனும் அல்லேன். அரக்கோணத்தில் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். இந்தப் பிச்சாட்டூரிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறிப் புத்தூர் நிலையத்திற்குச் சென்று, ரிஜிஸ்தர் எழுதிவிட்டு மாலையில் திரும்புகிறேன். பள்ளியில் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் கதையைச் சுருக்கமாகப் பாடம் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு நினைவில் நின்றவை ஐந்து மதிப்பெண் வினாக்கள் மட்டுமே. மேனாட்டு இலக்கியம் என்பது கல்லூரிக்குச் சென்றோர்க்கு உரிய பண்டம் என்று நாற்பது வயது வரையில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறிய விதத்தைச் சொல்வதே இன்று என்னால் இயன்றது.

நம் காலனியின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். ஊத்துக்கோட்டையை எட்டினால் தமிழ்நாடு. பஸ்ஸில் ஒரு சிறு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆயினும் இங்குப் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் தெலுங்கிலேயே படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்தைக் கண்டால் விழிப்பர். தாய்மார்களுள் சிலர் எந்த எழுத்தும் அறியாமலே முதுமை எய்தினர். இவர்களுக்காகவே ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் எழுத்து வகுப்புத் தொடங்கினோம். ஆறு மாதத்தில் பலரும் எழுத்துக் கூட்டினர். அதன் பின்னர் வகுப்பு மெலிந்தது. காரணம் எங்களுக்குப் புலப்படவில்லை.

ஒரு மூதாட்டியார்தாம் காரணத்தை உரைத்தார். "தம்பி, அறுபத்தைந்து வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, காக்கை வடை திருடிய கதையைத்தானா படிப்பது? அதைத்தான் நான் என் பேரனுக்குச் சொல்லிக் கொண்டிருக்கிறேனே!" என்றார். நாங்கள் வாங்கி வைத்திருந்தவை யாவும் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள். எழுத்துப் புதிதாகையால் அறிவும் புதிதாகவே இருக்கும் என்று கணக்கிட்டுவிட்டோம். பிள்ளை பெற்று, கடன் பட்டு, கணவனை இழந்து, வழக்கு மன்றத்தின் படியேறிய மனிதர்க்கு, அந்த வாழ்வின் அளவுக்கு ஏற்ற கதை வேண்டுமல்லவா?

தேடியபோது ஒரு வியப்பு. இதே குறையை ருஷிய நாட்டில் டால்ஸ்டாய் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருந்தார். பெருநிலக்கிழாராகிய அவர் 1859-இல் தம் யாஸ்னயா பொல்யானா கிராமத்தில் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1872-இல் அரிச்சுவடி ஒன்றையும் தாமே எழுதி வெளியிட்டார். 'போரும் அமைதியும்' எழுதி முடித்த கை அரிச்சுவடி எழுதியது என்பதை எண்ணிப் பாருங்கள்! பின்னர் 1884-இல் அவரும் அவர் நண்பர்களும் ஒரு பதிப்பகம் தொடங்கி, புதிதாகப் படிக்கக் கற்ற எளிய மக்களுக்காக மிகக் குறைந்த விலையில் சிறு நூல்களை வெளியிட்டார்கள். தலைச்சுமை வியாபாரிகள் அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்றார்கள். எளியோர் படிக்க வேண்டும் என்று அக்காலத்தில் அவர் எழுதிய கதைகளுள் ஒன்றே 1886-இல் வெளிவந்த 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' என்பது.

அதையே முதலில் படித்தோம். பாஹோம் என்னும் உழவனுக்கு நிலத்தின்மேல் தீராத ஆசை. தொலைவில் பாஷ்கிர் மக்கள் நாட்டில், ஆயிரம் ரூபிள் கொடுத்தால் ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் கிடைக்கும் என்கின்றனர். ஒரே நிபந்தனை: கதிரவன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பியாக வேண்டும். அவன் அதோ அந்தப் பள்ளத்தையும் சேர்த்துக் கொள்வோம், அங்கே ஆளி நன்றாக விளையும் என்று நடந்துகொண்டே போகிறான். ஆரணியாற்று அணைப் பக்கம் கால் ஏக்கருக்கு அண்ணனும் தம்பியும் பேச்சற்றுப் போன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கதையில் வெயில் சாயச் சாயக் கூடத்தில் மூச்சு விடும் ஓசையும் கேட்கவில்லை. பாஹோம் ஓடி வந்து விழுந்து மாண்டு, ஆறடிக் குழியில் அடங்கியபோது ஒரு பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பின் வகுப்புக்கு ஆட்கள் வந்தனர். அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வியும் வந்தது. இன்னொரு மூதாட்டியார், சிறு வயதில் டூரிங் டாக்கீஸில் நாகையா நடித்த 'ஏழை படும் பாடு' பார்த்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அன்பர், "அது எங்கள் 'பீதல பாட்லு' அல்லவா!" என்றார். இருவர் சொன்னதும் மெய்யே. கே. ராம்நாத் இயக்கத்தில் 1950-ஆம் ஆண்டு அப்படம் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது; இரண்டிலும் நாயகர் சித்தூர் வி. நாகையாவே. அதில் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர் சீதாராமன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிரெஞ்சு நாவல் ஒன்றின் பாத்திரப் பெயரைத் தமிழர் ஒருவர் ஆயுள் முழுதும் சூடிக்கொண்டார்! மூலநூல் விக்தர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிசராப்ல'. புதுவையில் பல ஆண்டுகள் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்னும் பெயரால் தமிழாக்கினார்.

பெயர்கள் ஒரு தடையாகவே இருந்தன. ழான் வால்ழான் என்பதை வாய் ஏற்க மறுத்தது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' என்றும், மாக்பெத்தை 'மகபதி' என்றும் மாற்றிச் சுகுண விலாச சபையின் மேடைக்கு அளித்தாரே, அதுபோல நாமும் மாற்றுவோம் என்று நான் 'வேலன்' என்று பெயரிட்டுப் படித்தேன். முதல் நாளே எதிர்ப்பு எழுந்தது. "வேறு நாட்டுக் கதை என்று தெரிந்துதானே கேட்க வந்தோம், எங்களை ஏன் ஏமாற்றுகிறீர்கள்?" என்றார்கள். நாடக மேடைக்கு அந்த முறை பொருந்தலாம். வாசிப்புக்கு, பெயர்களைக் கரும்பலகையில் எழுதி மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டால் போதும் என்பது என் அனுபவம்.

கதையின் தொடக்கத்தைச் சொல்லுகிறேன். தமக்கையின் ஏழு குழந்தைகள் பசியால் வாடக் கண்டு வால்ழான் ஒரு ரொட்டி திருடுகிறான். ஐந்தாண்டுத் தண்டனை. தப்ப முயன்றமையால் அது பத்தொன்பது ஆண்டாக வளர்கிறது. 1815-இல் விடுதலை பெற்று, மஞ்சள் நிறக் கடவுச்சீட்டுடன் தீஞ் என்னும் ஊருக்கு வருகிறான். அச்சீட்டு அவனைக் கைதி என்று ஊருக்கு அறிவிக்கிறது. சத்திரத்தில் பணம் கொடுத்தும் சோறில்லை. சிறைச்சாலைக் கதவையே தட்டி இடம் கேட்கிறான். குற்றம் செய்து பிடிபட்டு வா, திறக்கிறோம் என்கிறான் காவலாளி. இறுதியில் மேற்றிராணியார் ஒருவர் அவனைத் தம்முடன் அமர்த்தி உணவளிக்கிறார். அவர் வீட்டு வெள்ளித் தட்டுகளையே இரவில் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வந்தபோது அவர், தட்டுகளை நானே கொடுத்தேன், வெள்ளி விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுப் போனாய் என்கிறார்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாளில் வகுப்புக்கு ஓர் இளைஞர் வந்து கதவருகே அமர்வார். திருட்டு வழக்கில் சில மாதம் சிறையிலிருந்து மீண்டவர் என்பது இங்கு யாவரும் அறிந்ததே. அவர் சம்மதத்துடனேயே இதைப் பேசுகிறேன். தெலுங்கில் படித்தவர், தமிழ் எழுத்தை நம் வகுப்பில் கற்றார். அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சங்க உறுப்பினராக அவர் விண்ணப்பித்தபோது, "சற்றுப் பொறுக்கலாமே" என்று செயற்குழுவில் சொன்னவன் நானே.

சத்திரத்துப் பகுதியைப் படித்த அன்று நான் தலைநிமிரவில்லை. மேற்றிராணியாரின் கருணை வந்ததும் எனக்கே ஓர் ஆறுதல். ஆனால் அடுத்து வருவது என்ன? அவரிடம் விடைபெற்ற வால்ழான், வழியில் ஒரு பத்து வயதுச் சிறுவன் கைதவறி உருட்டிய நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, அழும் பிள்ளையை விரட்டிவிடுகிறான். கருணை பெற்ற பின்னரும் திருட்டு! கதவருகே இருப்பவர் மனம் நோகுமே என்று அப்பக்கங்களை விடுத்து, அவன் திருந்தினான் என்று என் வாயால் முடித்துவிட்டேன்.

அவர் புத்தகத்தை இரவல் வாங்கிச் சென்றார். அடுத்த ஞாயிறு, அந்த இடத்தில் விரல் வைத்தபடியே வந்தார். "ஏன் சார் இதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை. "வெள்ளி கொடுத்ததும் ஆள் நல்லவனாகிவிட்டான் என்று நீங்கள் முடித்தபோது, கதை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பையனின் காசைப் படித்த பிறகுதான் இதை எழுதியவரை நம்பினேன்" என்றார். பிறகு அப்பக்கங்களைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. சிறுவனை வால்ழான் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருட்டில் தேடுவதும், பத்தொன்பது ஆண்டில் முதன்முறையாக அழுவதும் அங்கேதான் வருகின்றன. அவற்றையும் சேர்த்தல்லவா நான் விழுங்கியிருந்தேன்!

அன்றுமுதல் எனக்கு ஒரு நியதி. வாட்டர்லூ போரைப் பற்றியும் பாரிஸின் சாக்கடைகளைப் பற்றியும் ஹியூகோ பல பக்கம் எழுதுகிறார். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டுவதில் குற்றமில்லை. ஆனால் தாண்டுகிறோம் என்று சொல்லித் தாண்ட வேண்டும். கேட்பவர் மனம் தாங்காது என்று நாமாக முடிவு செய்து ஒன்றையும் மறைத்தல் ஆகாது. புதிய வாசகர்க்கென்று சுருக்கி அச்சிடும் பதிப்பாசிரியர்களிடமும் இக்குறை உண்டு என்பது என் கருத்து.

தமிழில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. டி. எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்', ரா. கிருஷ்ணையாவின் 'புத்துயிர்ப்பு', க. நா. சு. தந்த 'நிலவளம்', 'மதகுரு', 'அன்பு வழி', தி. ஜானகிராமன் மொழிபெயர்த்த 'குள்ளன்' எனப் பல உள. நிலவளத்தை உழவுத் தொழில் அறிந்தோர் முதலில் கேட்க வேண்டும். காடு திருத்திய நார்வே நாட்டுக்காரன் ஒருவனின் கதை அது. சென்னை செல்வோர் பழைய புத்தகக் கடைகளில் இவற்றைக் கண்டால் நம் அலமாரிக்காக வாங்கி வருமாறு வேண்டுகிறேன். பணத்தைச் சங்கம் தரும்.

அந்த இளைஞரின் விண்ணப்பம் இன்னும் கோப்பிலேயே இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் நானே அதை முன்மொழிகிறேன் என்பதை இச்சபையில் தெரிவித்துக் கொள்கிறேன்.

ஏழை படும் பாட்டில் இப்போது 1832-ஆம் ஆண்டுப் பாரிஸ் கிளர்ச்சிக்கு வந்திருக்கிறோம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசிப்பு. தெலுங்கு அன்பர்களும் வருகின்றனர். இடையிடையே அவர்களுக்குப் பொருள் சொல்ல இருவர் வேண்டும். கூடத்து மின்விளக்கின் ஒளி போதாது. மூக்குக் கண்ணாடி உடையோர் மறவாமல் எடுத்து வருக.