பார்வைத்துண்டைத் தெரிதல்

தொலைகாட்டி வாங்க விழைவோர் முதலில் வினவுவது, “இது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?” என்பதே. வானிலிருந்து வரும் ஒளியைத் திரட்டுவது பெரிய ஆடி. அவ்வொளி அமைக்கும் விம்பத்தைப் பெருப்பித்துக் கண்ணுக்கு அளிப்பது பார்வைத்துண்டு எனப்படும் சிறு வில்லைத் தொகுதி. ஆடியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்து வருவதே உருப்பெருக்கம். ஆகவே, பார்வைத்துண்டை மாற்றினால் பெருக்கமும் மாறும்.

பேராதனையில் மாணவர் கழகமொன்றிடம் 300 மில்லிமீற்றர் விட்டமும் 1500 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடைய ஆடித் தொலைகாட்டி ஒன்று உள்ளதெனக் கொள்வோம். அதில் 30 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 50 மடங்கும், 5 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 300 மடங்கும் பெருக்கும். கையிலுள்ள பணமோ சிறிது. எதனை வாங்குவது?

பலரது கை 5 மில்லிமீற்றரை நோக்கியே நீளும். ஆனால், பெருக்கம் ஆறு மடங்கு கூடும்போது, நெபுலம் போன்ற பரந்த பொருளின் பிரகாசம் முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைகிறது. வளியின் நடுக்கமும் உடன் பெருகுகிறது. பார்வைப் புலமும் ஒடுங்குகிறது. 50 மடங்கில் இரு முழுநிலாக்கள் அடங்கும் சாதாரண பார்வைத்துண்டின் புலம், 300 மடங்கில் நிலாவின் மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். புவி சுழல்வதால், இயந்திரம் பூட்டாத தொலைகாட்டியில் வியாழன் ஏறத்தாழ 40 வினாடிகளில் அப்புலத்தைக் கடந்து மறைந்துவிடும். முப்பது மாணவர் வரிசையில் நிற்க, ஒருவர் கண்டதை அடுத்தவர் காணார். 50 மடங்கிலோ நான்கு நிமிடம் கிடைக்கும்.

வளி அமைதியின் அருமைக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. திருகோணமலையில் பணியாற்றிய இராணுவப் பொறியியலாளர் பேர்சி மோல்ஸ்வேர்த் (1867–1908), ஓய்வு நேரங்களில் 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியால் வியாழனை ஆராய்ந்தார். 1901இல் அக்கோளின் தென் அயனப் பகுதியில் தோன்றிய பெருங் குழப்பத்தை அவர் கண்டறிந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் அடிவானத்தருகே தாழ்ந்து தெரிந்த வியாழன், இலங்கையில் உயர்ந்து நின்றது. குறுக்கிடும் வளியும் குறைந்தது. பேராதனைக்கும் அவ்வாய்ப்பு உண்டு. ஆயினும், பள்ளத்தாக்கின் ஈரமும் மூடுபனியும் சிறந்த இரவுகளைச் சிலவாக்கிவிடும்.

ஆதலின் இக்கழகம் 30, 12 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டுகள் இரண்டையும், பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ வில்லை ஒன்றையும் வாங்குதல் நன்று. மூன்று பொருள்களால் 50, 100, 125, 250 என நான்கு பெருக்கங்கள் கிட்டும். 40 மில்லிமீற்றர் வேண்டுவதில்லை. அதிலிருந்து வெளிவரும் 8 மில்லிமீற்றர் ஒளிக்கற்றை முழுவதையும் கண்மணி ஏற்காது. மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணைச் சற்று விலக்கி வைத்துப் பார்க்கத்தக்கதாகத் தெரிதல் வேண்டும். வாங்கியவற்றை ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடி வைக்காவிடின், மலைநாட்டு ஈரத்தில் வில்லைகளிற் பூஞ்சணம் படரும்.

முதலிற் பொருத்த வேண்டியது 30 மில்லிமீற்றரே. பொருளைக் கண்டபின், வளி இடந்தரும் அளவுக்கே பெருக்கத்தைக் கூட்டுக.