மரமும் அச்சமும்

குடியிருப்பில் மரங்கள் அடர்ந்தால் திருடர் ஒளிய இடம் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலானது. ஆனால் அமெரிக்காவின் சிகாகோ நகரில், வருவாய் குறைந்தோருக்கு அரசு குறைந்த வாடகையில் வழங்கும் வீடுகளான பொதுக் குடியிருப்புகளுள் ஒன்றும், 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களாக 1962இல் எழுந்து நின்றதுமான ராபர்ட் டெய்லர் குடியிருப்பில், பிரான்சஸ் குவோ, வில்லியம் சல்லிவன் முதலிய ஆய்வாளர்கள், ஒரே முற்றத்தில் மரங்களைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கிய படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டபோது, மரம் கூடக்கூட அவ்விடம் விருப்பத்துக்கு உரியதாகவும் அச்சமற்றதாகவும் தோன்றுவதாக அங்கு வாழ்ந்தோர் கூறினர். 1998இல் வெளியான இம்முடிவு புரிந்துகொள்ளத்தக்கதே; ஏனெனில் பார்வையை மறைக்கும் புதரும், கிளைகள் தலைக்கு மேல் விரிந்து அடிப்பகுதி திறந்திருக்கும் மரமும் ஒன்றல்ல. பாதுகாப்பின் பெயரால் மரத்தை வெட்டத் துணிவோர், அங்கு குடியிருப்போரை முதலில் கேட்க வேண்டும்.