மலைக்குப் போவது பலமா, பாரமா?



எனக்கு முன்னால் மைக்கைச் சூடாக்கிவிட்டுப் போன எதிரணித் தங்கை வடகிழக்கு மலைகளையே எடுத்துக்கொண்டார். சுற்றுலாக்காரன் வருவான், பிளாஸ்டிக்கை வீசுவான், பழங்குடி மக்களைக் காட்சிப் பொருளாக்குவான், காடு அழியும் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லா பேசினால் தட்டித்தானே ஆகணும்! ஆனால் இந்தச் சுற்றுலாக்காரன் போவதற்கு முன்னால் அந்தக் காட்டில் என்ன நடந்தது என்று தங்கை மூச்சுவிடவில்லையே?

நான் சொல்கிறேன். நாகாலாந்தில் டோயாங் நீர்த்தேக்கம். சைபீரியப் பக்கமிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் பறக்கிற அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பரில் அங்கே இறங்கும். ஒன்றிரண்டு இல்லைங்க, லட்சக்கணக்கில்! 2012-இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது: அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மீன்பிடி வலையை மரங்களுக்கு நடுவே விரித்துக் கட்டி, ஆயிரமாயிரமாய்ப் பிடித்து, வாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த மக்கள் கெட்டவர்களா? கிடையாது. அணைத் தண்ணீரில் விளைநிலத்தை இழந்தவர்கள் அவர்கள். வயிறு கேட்டது, வலை விரித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2013-இல், கொலை நின்றது. நிறுத்தியது யார்? ஊர் மன்றங்கள், தேவாலயம், இயற்கை ஆர்வலர்கள், வனத்துறை. அந்தப் பெருமையைச் சுற்றுலாவுக்கு நான் கொடுக்க மாட்டேன். எதிரணி இப்போது கைதட்டலாம், தப்பில்லை. ஆனால் வலையைச் சுருட்டி வைத்த வீட்டில் மறுநாள் உலை கொதிக்கணுமே? அங்கேதான் நம்ம ஆள் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு போய் நிற்கிறான். டோயாங் பக்கத்துப் பாங்டி ஊரில் வீட்டிலேயே தங்க இடம் கொடுக்கிறார்கள், சோறு போடுகிறார்கள், விடியலில் எழுப்பிப் பறவை காட்ட அழைத்துப் போகிறார்கள். செத்த வல்லூறுக்கு ஒரு தடவைதான் காசு. உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் காசு. இந்தக் கணக்கு பாங்டிக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தங்கைக்குத்தான் இன்னும் புரியவில்லை!

அருணாசலப் பிரதேசத்துக்கு வாங்க. ரமணா ஆத்ரேயா, தொழிலால் வானியலாளர். நட்சத்திரம் பார்க்கிற மனுஷன் பறவை பார்க்க ஈகிள்நெஸ்ட் காட்டுக்குப் போனார். 1995-இல் கண்ணில் பட்ட ஒரு குருவியைப் புது இனம் என்று 2006-இல் உலகத்துக்கு அறிவித்தார். மாதிரிக்காக ஒன்றைக்கூடக் கொல்லாமல், இறகையும் படத்தையும் வைத்தே நிரூபித்தார். அங்கே வாழும் புகுன் மக்களின் பெயரையே குருவிக்கு வைத்தார். அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்தது. 2017-இல் புகுன் மக்கள் தங்கள் சொந்தக் காட்டிலேயே 17 சதுர கிலோமீட்டரை அந்தக் குருவிக்கென்று காப்பகமாக ஒதுக்கிவிட்டார்கள். வெளியாள் காலடி பட்டதும் காடு அழிஞ்சுதா தங்கச்சி?

‘காட்சிப் பொருள்’ என்றீர்களே, அதில்தான் எனக்குக் கோபம். பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். இன்னர் லைன் பெர்மிட் இல்லாமல் நீங்களும் நானும் நாகாலாந்துக்குள் கால் வைக்க முடியாது. நிலம் அங்கே ஊர் மக்களுடையது; அதற்கு அரசியலமைப்பின் 371ஏ பிரிவு காவல். அங்காமி நாகர்களின் கொனோமா கிராமம் 1998-லேயே வேட்டைக்குத் தடை போட்டது. இன்றைக்கு அங்கே போனால் நுழைவுக் கட்டணத்தை எடுத்து வைக்கணும், ஊர்க்காரரைத்தான் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளணும். விதி போடுவது அவர்கள், கைகட்டிக் கேட்பது நாம். இதில் யாருங்க காட்சிப் பொருள்?

சுற்றுலாக்காரன் குப்பை போடுகிறான் என்பது உண்மை. அவனுக்கு அபராதம் போடுங்கள், நானே முன்மொழிகிறேன். அதற்காக மலைப்பாதையையே மூடச் சொன்னால் எப்படி?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்து வருகிற ஐயா ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரட்டும்: பாங்டிக்கு நாளையிலிருந்து யாரும் போகக் கூடாது என்றால், அந்த வலையைத் திரும்ப வெளியே எடுக்காமல் இருக்க அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன வருமானம் வைத்திருக்கிறீர்கள்?