டென்மார்க் பண்ணைகள் மருந்தைக் குறைத்த வரலாறு

நோய்க்கிருமியான பாக்டீரியாவைக் கொல்வதற்கோ அதன் பெருக்கத்தைத் தடுப்பதற்கோ கொடுக்கப்படும் மருந்துகள் மக்கள் வழக்கில் ஆன்டிபயாடிக் எனப்படுகின்றன. இவை மருத்துவமனைகளில்தான் மிகுதியாகச் செலவாகின்றன என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், எடைக்கணக்கில் பார்த்தால் உலகில் விற்பனையாகும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி, இறைச்சிக்கும் பாலுக்கும் முட்டைக்குமாக வளர்க்கப்படும் உயிரினங்களுக்கே போய்ச் சேர்கிறது. அதிலும் கணிசமான பங்கு நோயுற்ற உயிரினங்களுக்குச் செல்வதில்லை. 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், ஆரியோமைசின் என்னும் மருந்தின் தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது கோழிக்குஞ்சுகள் விரைவாக எடை கூடியது கண்டறியப்பட்டது. அன்றுமுதல் நலமாக உள்ள கோழிக்கும் பன்றிக்கும் சிறிய அளவில் நாள்தோறும் மருந்தூட்டும் வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. இவ்வாறு கொடுக்கப்படுபவை வளர்ச்சி ஊக்கிகள் எனப்படுகின்றன.

சிறிய அளவு, நீண்ட காலம் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே கேடு. மருந்துக்கு அடங்கும் கிருமிகள் மடிய, அதைத் தாங்கும் ஆற்றலுடையவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. அவ்வாற்றலே மருந்து எதிர்ப்புத்திறன் எனப்படுகிறது. இத்திறனுக்குரிய மரபணு, பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டிஎன்ஏ வளையத்தின் வழியாக ஒரு கிருமியிலிருந்து வேறினக் கிருமிக்கும் தாவக்கூடியது என்பதால், பன்றியின் குடலில் தோன்றிய எதிர்ப்பு, இறைச்சி, எரு, நீர், பண்ணைத் தொழிலாளரின் கை ஆகியவற்றின் வழியே மனித உடலை எட்டுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்கேட்டைத் திருப்ப முடியுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தந்த நாடு டென்மார்க். தன் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு பன்றிகளை ஆண்டுதோறும் வளர்த்து, இறைச்சியைப் பெரும்பாலும் ஏற்றுமதி செய்யும் அந்நாட்டில், 1994-ஆம் ஆண்டு மனிதரின் மருத்துவத்துக்குச் செலவான வான்கோமைசின் 24 கிலோ. அதே குடும்பத்தைச் சேர்ந்த அவோபார்சின் என்னும் மருந்து தீவனத்தில் கலக்கப்பட்டதோ 24,000 கிலோ. வான்கோமைசின் என்பது பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர்கள் வைத்திருந்த இறுதிக் கருவிகளுள் ஒன்று. அவோபார்சினைத் தாங்கப் பழகிய கிருமி வான்கோமைசினையும் தாங்கும் என்பது தெரியவந்தபின், 1995-இல் டென்மார்க் அரசு அவோபார்சினைத் தடை செய்தது.

தடைக்குப்பின் நிகழ்ந்தவை ஊன்றிப் பார்க்கத்தக்கவை. கறிக்கோழிகளிடமிருந்து எடுக்கப்பட்ட என்டரோகாக்கஸ் என்னும் குடற்கிருமிகளுள் 1995-இல் 72.7 விழுக்காடு எதிர்ப்புத்திறன் கொண்டிருந்தன. 2000-ஆம் ஆண்டில் அது 5.8 விழுக்காடாகச் சரிந்தது. ஆனால் பன்றிகளில் அதே தடை உடனே பயன் தரவில்லை. ஆண்டுகள் சென்றும் எதிர்ப்பு 20 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. பன்றிக்கிருமிகளில் அவோபார்சினை எதிர்க்கும் மரபணுவும், பன்றித் தீவனத்தில் தொடர்ந்து கலக்கப்பட்டுவந்த டைலோசின் என்னும் வேறொரு மருந்தை எதிர்க்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தமையால், டைலோசின் இருந்தவரை இரண்டு எதிர்ப்புகளும் சேர்ந்தே காக்கப்பட்டன என்பது பின்னர் புலப்பட்டது. 1998-இல் டைலோசின் குறைக்கப்பட்ட பிறகுதான் பன்றிகளிலும் எதிர்ப்பு வீழ்ந்தது. ஒரு மருந்தை மட்டும் விலக்கி இன்னொன்றைத் தொடர்வது தீர்வாகாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

1999-ஆம் ஆண்டின் இறுதிக்குள் வளர்ச்சி ஊக்கிகள் அனைத்தும் டென்மார்க்கில் வழக்கொழிந்தன. தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்ட பன்றிக்குட்டிகளிடம் கழிச்சல் கூடும் என்று பண்ணையாளர்கள் அஞ்சியது வீண் அச்சமாக இருக்கவில்லை. அக்குட்டிகளுக்குச் சிகிச்சை மருந்து கூடுதலாகவே தேவைப்பட்டது. இருப்பினும் தீவனத்தைச் சீராக்குதல், நெரிசலைக் குறைத்தல், ஒரு தொகுதி வெளியேறியபின் கொட்டிலை முற்றிலும் கழுவி உலர்த்துதல், தடுப்பூசி ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் அதை எதிர்கொண்டனர். 1992-இல் 1 கோடியே 84 லட்சமாக இருந்த ஆண்டுப் பன்றி உற்பத்தி 2008-இல் 2 கோடியே 71 லட்சமாக உயர்ந்தது. உற்பத்தியான ஒவ்வொரு கிலோவுக்கும் செலவான மருந்தோ 100 மில்லிகிராமிலிருந்து 49 மில்லிகிராமாகத் தாழ்ந்தது. மருந்தில்லாவிட்டால் பண்ணைத் தொழில் அழியும் என்ற வாதம் இக்கணக்கின் முன் நிற்காது.

தடை மட்டுமே இதைச் சாதித்ததாக எண்ணுவது பிழை. மருந்தை எழுதித் தரும் கால்நடை மருத்துவர் அதை விற்று ஈட்டும் ஆதாயத்துக்கு 1990-களின் நடுவில் கடும் வரம்பு விதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய வெட்ஸ்டாட் என்னும் தேசியப் பதிவேட்டில், எந்தப் பண்ணையில், எவ்வினத்துக்கு, எவ்வயதில், எவ்வளவு மருந்து செலவாயிற்று என்பது பதியப்பட்டது. அப்பதிவு இருந்தமையால்தான் 2010-இல், வரம்பு மீறும் பண்ணைகளை எச்சரித்துக் கண்காணிக்கும் மஞ்சள் அட்டைத் திட்டம் இயன்றது. 2009-க்கும் 2011-க்கும் இடையில் பன்றிகளுக்கான மருந்துப் பயன்பாடு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. இத்தனைக்குப் பின்னும், மெதிசிலின் என்னும் மருந்தை எதிர்க்கும் ஒருவகைக் கிருமி டேனிஷ் பன்றிப் பண்ணைகள் பலவற்றில் பரவியது என்பதையும் மறைக்கலாகாது. குறைப்பது கூட்டும் வேகத்தில் நடப்பதில்லை.

மருந்தைக் குறைத்தால் எதிர்ப்பும் குறையும் என்பதைக் கொலிஸ்டின் என்னும் மருந்தின் வரலாறும் உறுதிசெய்கிறது. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டு, வேறு வழியற்ற நோயாளிகளுக்காக மீண்டும் கையிலெடுக்கப்பட்ட இம்மருந்தை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்னும் மரபணு, கிருமிக்குக் கிருமி தாவவல்லது என்று 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2017-இல் சீனா கொலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியபின், பன்றிகளிடமும் மனிதரிடமும் அம்மரபணு காணப்படும் விகிதம் வெகுவாகக் குறைந்தது. 2019 ஜூலையில் இந்திய அரசும் உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளிலும் கோழியிலும் மீனிலும் தீவனத்திலும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் கறிக்கோழிக்குப் பெயர்பெற்ற பல்லடமும் உள்ள தமிழ்நாட்டுக்கு இத்தடை நேரடித் தொடர்புடையது. ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாகக் கறவை மாடுகளின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் முறைப்படுத்த, தேசிய பால்வள வாரியம் அதைப் பிற மாநிலங்களிலும் பரப்பிவருவது மதிக்கத்தக்க முயற்சி. ஆயினும் எந்தப் பண்ணையில் எவ்வளவு மருந்து செலவாகிறது என்று எண்ணிக் காட்டும் வெட்ஸ்டாட் போன்ற தேசியப் பதிவேட்டை உருவாக்குவதே அரசுகள் முதலில் செய்யவேண்டிய பணி.

அது வரும்வரை பண்ணையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நோயற்ற கோழிக்குக் குடிநீரில் மருந்து கலப்பதை நிறுத்தி, கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நாள், காரணம், அதன்பின் பாலையோ இறைச்சியையோ விற்கக்கூடாத நாட்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எதை நிறுத்தலாம் என்று கலந்துபேசும் வழக்கத்தை அவர்கள் இன்றே தொடங்க வேண்டும்.